நஞ்சுண்டான் சூடும் மலர்கள்

திருப்பாற்கடலைக் கடைந்த காலத்தில் அமுதத்திற்கு முன்னர் ஆலகாலம் எழுந்தது என்பது புராணம். தேவரும் அசுரரும் அஞ்சி ஓட, சிவபெருமான் அந்நஞ்சை ஏற்று உண்டருளினார். உண்ட நஞ்சு உள்ளே இறங்கவும் இல்லை, வெளியே உமிழப்படவும் இல்லை, கண்டத்திலேயே நின்றது. அதனால் பெருமான் நீலகண்டர் ஆயினார். ஆந்திர மாநில எல்லையில் ஊத்துக்கோட்டைக்கு அருகேயுள்ள சுருட்டப்பள்ளித் திருக்கோயிலில், நஞ்சுண்டபின் அம்மையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலத்தில் பெருமானை இன்றும் தரிசிக்கலாம்.

நஞ்சை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்திய இப்பெருமானுக்கு அடியார்கள் சாத்தும் மலர்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கொன்றையும் வில்வமும் ஒருபுறம் இருக்க, எருக்கு, ஊமத்தை, அலரி ஆகியவையும் சிவபூசைக்கு உரியனவாகப் போற்றப்படுகின்றன. இம்மூன்றும் நஞ்சுடைய செடிகள். இவற்றை ஆடு மாடுகளும் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். மனிதர் தலையில் சூடும் வழக்கமும் அரிது. மக்கள் ஒதுக்கியதை மகேசன் ஏற்றான் என்று அடியார்கள் உருகிக் கூறுவர். சங்க காலத்திலேயே இக்கருத்து வேரூன்றியிருந்தது. புறநானூற்றின் 106-ஆம் பாடலில் பாரியின் கொடைத்திறத்தைப் புகழவந்த கபிலர், எளிய எருக்கம்பூவைச் சாத்தினாலும் தெய்வம் அதனை வேண்டாவென்று தள்ளுவதில்லை என்பதையே உவமையாக எடுத்தாளுகின்றார்.

இறைவனின் எளிமை இவ்வழக்கத்தின் ஒருபுறம். மற்றொருபுறத்தில் மருத்துவ வரலாறு ஒன்று மறைந்து கிடக்கின்றது. கோயிலோடு இணைத்துக் காக்கப்பெற்ற இந்நச்சுச் செடிகள் யாவும் மருந்துச் செடிகளுமாகும். இவற்றுட் சில, உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றிய பொருள்களுக்கு உறவானவை. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தில்லை

சைவர்களுக்குக் கோயில் என்றாலே சிதம்பரம். அத்திருத்தலத்தின் பழம்பெயர் தில்லை, தலமரமும் தில்லையே. புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர், வண்டு தீண்டுமுன் மலர்பறித்துப் பூசிக்கும்பொருட்டு மரங்களில் வழுக்காமல் ஏறப் புலிக்காலும், இருளிலும் காணும் கண்ணும் வேண்டிப் பெற்றார் என்று தலபுராணம் கூறும். அவர் தவஞ்செய்த வனம் தில்லைவனம்.

இன்று சிதம்பரம் நகரில் தில்லைமரத்தைக் காண்டல் அரிது. நகருக்குக் கிழக்கே, கடலும் கழியும் கலக்கும் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டில் அது செழித்து நிற்கின்றது. உதிருமுன் இலைகள் செந்நிறம் கொள்ளும். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கிளையை ஒடித்தால் வெண்பால் ஒழுகும். அப்பால் உடலிற் பட்டால் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டால் பார்வை மங்கும். இம்மரத்திற்குத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1759-ஆம் ஆண்டில் வழங்கிய 'எக்ஸ்கோகேரியா' என்னும் இலத்தீன் பெயர், குருடாக்குவது என்னும் பொருளிலேயே பிறந்தது.

இத்தகைய மரத்தை நாட்டு மருத்துவர் ஆறாப் புண்ணுக்கும் தோல்நோய்க்கும் பயன்படுத்தி வந்தனர். மருந்தாவதன்றி வேறொரு வகையிலும் அது மக்களைக் காக்கின்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியபோது, பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்கள் மற்றக் கரையோர ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. கண்ணைக் கெடுக்கும் பாலையுடைய தில்லையும், அதனோடு நெருங்கி வளரும் சுரபுன்னை முதலிய மரங்களும் வேர்பின்னி அலையின் வேகத்தைத் தணித்தன. அஞ்சி வெட்டியெறிய வேண்டிய மரமென்று முன்னோர் அதனைக் கருதியிருந்தால், தலத்தின் பெயராக அது நிலைத்திராது.

எருக்கும் அலரியும்

பாடல்பெற்ற தலங்களுள் இரண்டு, நச்சுச் செடிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒன்று, விருத்தாசலத்தை அடுத்து இராசேந்திரப்பட்டினம் என இன்று வழங்கும் திருஎருக்கத்தம்புலியூர். அங்கே தலமரம் வெள்ளெருக்கு. ஞானசம்பந்தப் பெருமானோடு தலந்தோறும் சென்று யாழ் இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவதரித்த ஊர் அது. எருக்கின் ஊரிற் பிறந்த அடியாருக்கு நஞ்சுண்டவன் திருப்பெயரே பெயராக அமைந்தமை நினைந்து மகிழத்தக்கது. மற்றொன்று, திருவாரூர்ப் பகுதியிலுள்ள திருக்கரவீரம். கரவீரம் என்பது அலரிக்கு வடமொழிப் பெயர். இறைவன் திருநாமமும் கரவீரநாதர். இரண்டு தலங்களையும் சம்பந்தர் பாடியருளினார்.

எருக்கிற்கு வடமொழியில் அர்க்கம் என்று பெயர். சூரியனுக்கும் அதுவே பெயர். இரதசப்தமி நாளில் எருக்கிலையைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுதலும், விநாயக சதுர்த்தியன்று பிள்ளையாருக்கு எருக்கமாலை சாத்துதலும் வீடுதோறும் நிகழ்வன. இலையை எண்ணெய் தடவி வெதுப்பி மூட்டுவலிக்கு ஒற்றடமிடுதல் பாட்டிமார் கைமருந்து. ஆயின் அதன் பால் கண்ணிற் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை குன்றும். முதலில் வலி குறைவாக இருப்பதால் பலர் இதனைப் பொருட்படுத்தாது விட்டு, பின்னர் மருத்துவமனைக்கு ஓடுகின்றனர். மாலை கட்டும் கைகளைக் கழுவாமல் கண்ணைக் கசக்கலாகாது என்று முதியோர் கண்டித்தது காரணமில்லாமல் அன்று.

அலரியின் நஞ்சு எருக்கினும் கொடியது. வேர், பட்டை, இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. அந்நஞ்சு இதயத்தின் துடிப்பைத் தாக்கும். இன்று கோயில் மதிலோரங்களில் மிகுதியாகக் காணும் மஞ்சளரளி, உண்மையில் இந்நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியது. நிறத்தாலும் குணத்தாலும் அலரியை ஒத்திருந்தமையால் பொன்னரளி என்று பெயர்பெற்றுப் பூசைக்கும் உரியதாயிற்று.

இதயத்தைத் தாக்கும் இவ்வகை நஞ்சு எங்ஙனம் மருந்தாகும் என்பதை இங்கிலாந்தின் வரலாறு ஒன்று தெளிவாக்கும். 1775-ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரிடம், ஷிராப்ஷயர் பகுதி மூதாட்டி ஒருத்தி நீர்க்கோவை நோய்க்கு இரகசியமாகக் கொடுத்துவந்த மூலிகைக் கலவையைப் பற்றி ஆராயும்படி கேட்கப்பட்டது. கைதேர்ந்த மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகளையும் அவள் குணப்படுத்தியதாகச் சொல்லப்பட்டது. அக்கலவையில் ஏறத்தாழ இருபது மூலிகைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது டிஜிடாலிஸ் என்னும் நச்சுச் செடியே என்று விதரிங் கண்டறிந்தார். அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பத்தாண்டுகள் நோயாளிகளுக்கு அளவறிந்து கொடுத்து, குணமானவர்களைப் பற்றியும் குணமாகாதவர்களைப் பற்றியும் ஒளிவின்றி எழுதி 1785-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அச்செடியின் வகையொன்றிலிருந்து 1930-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்த டிஜாக்சின் என்னும் மருந்து இன்றும் இதய நோயாளர்க்கு வழங்கப்படுகின்றது. மூதாட்டி அறிந்தது மூலிகை. விதரிங் அறிந்தது அளவு.

டிஜிடாலிசும் அலரியும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்; ஆயினும் அவற்றின் நஞ்சுகள் ஒரே வகையின. இவ்வுறவு பிற்காலத்தில் உயிர்காக்கப் பயன்பட்டது. இலங்கையின் வடபகுதியில் தொடங்கி, பின்னர் அத்தீவு முழுவதும் மஞ்சளரளி நஞ்சால் பலர் உயிரிழந்து வந்தனர். டிஜாக்சினின் நஞ்சை முறிப்பதற்கென்று செம்மறியாட்டுக் குருதியிலிருந்து உருவாக்கிய முறிமருந்து, அரளி நஞ்சையும் முறித்து இதயத் துடிப்பைச் சீராக்குகின்றது என்பதை இலங்கையில் நடந்த ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தது. ஆயின் அம்மருந்து விலைமிக்கது. சிற்றூர் மருத்துவமனைகளில் எளிதிற் கிட்டுவதன்று. ஆகவே அரளியின் திறத்தில் முன்னெச்சரிக்கையே முதல் மருந்தாகும்.

ஊமத்தை

நடராசப் பெருமானின் சடைமுடியை உற்றுநோக்கும் அன்பர், பிறை, கங்கை, பாம்பு, மண்டையோடு ஆகியவற்றோடு ஊமத்த மலரும் வடிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். சோழர்காலச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளில் இம்மலரைத் தவறாமல் அமைத்தனர். உன்மத்தம் என்னும் வடசொல் பித்தைக் குறிப்பது. ஊமத்தம் என்னும் பெயரும் அதனைச் சார்ந்ததே. பித்தனுக்குப் பித்தம் தரும் பூ உரியதாயிற்று என்று அடியார் நயம்படக் கூறுவர்.

ஊமத்தையை உண்டவர்க்கு நா வறளும், கண்ணின் பாவை விரியும், நெஞ்சு படபடக்கும், இல்லாததெல்லாம் இருப்பதுபோலத் தோன்றும், மிகுந்தால் உயிர் நீங்கும். வழிப்போக்கரின் உணவில் இதன் விதையைக் கலந்து மயக்கிக் கொள்ளையிட்ட கள்வரைப் பற்றிய செய்திகள் 19-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல்களில் மிகுதி.

இதே செடி இரைப்பு நோய்க்குக் கண்கண்ட மருந்தாகவும் இருந்தது. உலர்ந்த ஊமத்தையைக் கொளுத்தி அதன் புகையை இழுத்தால் மூச்சுக்குழாயின் இறுக்கம் தளரும் என்பதை இந்நாட்டு வைத்தியர் அறிந்திருந்தனர். சென்னை மாகாணத்தில் கும்பினியாரின் தலைமை மருத்துவராகவும் தாவர ஆராய்ச்சியில் பேரார்வம் உடையவராகவும் விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முறையைப் போற்றினார். அவர் வாயிலாக இதனை அறிந்த ஜெனரல் ஜெண்ட் என்பவர் 1802-ஆம் ஆண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் இரைப்பு நோயாளர் ஊமத்தை இனத்துச் செடியின் புகையை இழுக்கலாயினர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அது மருந்துக் கடைகளிற் சுருட்டாக விற்கப்பட்டது. சென்னையிலிருந்து கப்பலேறிய மருந்து அது என்பதை இன்று நினைப்பவர் சிலரே.

புகையில் அளவு நிலையாது. ஆகவே வேதியியலார் ஊமத்தை இனத்து நஞ்சுகளுள் ஒன்றான அட்ரோபினை அடிப்படையாகக் கொண்டு, மூளையை மயக்காமல் மூச்சுக்குழாயில் மட்டும் வேலைசெய்யும் பொருள்களை அமைத்தனர். இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் எனப்படும் மூச்சிழுப்பு மருந்துகள் அவ்வழியில் வந்தவை. அட்ரோபினுக்கு மற்றொரு பெரும்பணியும் உண்டு. பூச்சிமருந்து நஞ்சால் உயிருக்குப் போராடும் உழவர் மருத்துவமனைக்கு வந்தால் முதற்கண் ஏற்றப்படும் மருந்து அதுவே. நஞ்சை நஞ்சே முறிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காந்தள்

சிவபெருமானுக்கு ஊமத்தை போல, அவன் திருமகனாகிய முருகனுக்குக் காந்தள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலைநாட்டு மகளிர் பறித்துக் குவித்த மலர்களின் நீண்ட பட்டியலில் முதலாவதாக நிற்பது செங்காந்தளே. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகன் தலையிற் சூடிய கண்ணி காந்தள் என்று கூறுவதோடு, வண்டு மொய்க்காத பூவென்றும் அதனைக் குறிக்கின்றார். தீக்கொழுந்துபோல் வளைந்தெழும் அதன் இதழ்கள் வேலவன் நிறத்தை நினைவூட்டுவன. தமிழ்நாட்டரசு செங்காந்தளையே மாநில மலராகக் கொண்டுள்ளது.

பூவிற்கு இத்தகைய சிறப்பிருக்க, நிலத்தடியிலுள்ள கிழங்கு கொடிய நஞ்சு. கலப்பையின் வடிவில் இருத்தலால் அதற்குக் கலப்பைக்கிழங்கு என்று பெயர். கண்வலிக்கிழங்கு என்றும் வழங்குவர். உண்ணும் கிழங்கென்று தவறாக எண்ணிச் சமைத்துண்டு குடும்பத்தோடு துன்புற்ற நிகழ்ச்சிகள் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. முதல்நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும்; பின்னர் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும். அந்நஞ்சின் பெயர் கால்சிசின். உடலின் அணுக்கள் பிரிந்து பெருகுவதை அது தடுத்துவிடும்.

பிரான்சு நாட்டு வேதியியலார் பெல்லத்தியேவும் கவந்தூவும் 1820-ஆம் ஆண்டில் இப்பொருளை ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து பிரித்தனர். வாதரத்தத்தால் கால்விரல் மூட்டு சிவந்து வீங்கித் துடிப்பவர்க்கு அது அருமருந்து. அணு பிரிவதைத் தடுக்கும் அதன் ஆற்றலை 1937-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பிளேக்ஸ்லீ செடிகளின் மரபுக்கூறுகளை இருமடங்காக்கப் பயன்படுத்தினார். புதிய பயிர்வகைகளை உண்டாக்கும் கலைக்கு அது வழிகாட்டிற்று. அவர் ஆராய்ந்த செடிகளுள் ஊமத்தையும் ஒன்று என்பது வியப்பிற்குரியது. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இதய நோயாளர்க்கு மாரடைப்பு நேரும் இடரைக் குறைப்பதற்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கால்சிசினை ஏற்புடையதென அறிவித்தது. ஒரு கிராமை 2,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கே இவ்வளவு. மருந்திற்கும் நஞ்சிற்கும் இடையேயுள்ள வரப்பு எத்துணை ஒடுங்கியது என்பதற்கு இந்த அளவே சான்று.

திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் உழவர் பெருமக்கள் இக்கொடியைப் பந்தலிட்டு வளர்த்து, விதையை மருந்து செய்வோர்க்கு விற்கின்றனர். கம்பிப் பந்தலில் படர்ந்த கொடியின் பூக்களை நாள்தோறும் காலையில் கையாலேயே மகரந்தம் சேர்த்து விதைபிடிக்கச் செய்கின்றனர். குறிஞ்சியின் பூ கொங்குநாட்டு வயலிறங்கிப் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது.

திருமுக்கூடல் ஆதுலர்சாலை

நச்சுச் செடியைக் கோயிலார் பூவாக மட்டும் அறிந்திருந்தனரா, மருந்தாகவும் கையாண்டனரா என்னும் வினாவிற்குக் கல்லிலேயே விடை உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்தது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து வேதக் கல்லூரியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையும் நடந்தமையை அது கூறுகின்றது. அம்மருத்துவச்சாலையில் 15 படுக்கைகள். நாடிபார்த்து மருந்தெழுத ஒரு வைத்தியர். அறுவை செய்வதற்கு ஒருவர். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சுதற்கு இருவர். நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவர். அனைவருக்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது.

ஓராண்டிற்கு வேண்டி இருப்பில் வைக்கப்படும் மருந்துகளின் பெயர்களையும் அக்கல்வெட்டு வரிசையாகக் குறிக்கின்றது. அவற்றுள் ஒன்று பல்லாதக அரீதகி. அரீதகி என்பது கடுக்காய். பல்லாதகம் என்பது சேராங்கொட்டை. வண்ணார் துணிக்குக் குறியிடும் கருமையான அக்கொட்டையின் பால் தோலிற் பட்டால் வெந்து புண்ணாகும். அத்தகைய நச்சுக்கொட்டையைச் சுத்திசெய்து மருந்தாக்கி, கோயிலின் சாலையில் நோயாளர்க்கு வழங்கும் திறம் 950 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிருந்தது. அத்திறம் ஒருவர் கையில் மறைந்து கிடக்கவில்லை. வைத்தியர், மருந்து காய்ச்சுவோர், செவிலியர் எனப் பலர் பொறுப்பில், ஊரறிய, கல்லறிய நடந்தது.

சுத்தி என்னும் சொல் இங்கே உயிர்நாடி. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் நச்சுப்பொருளை அப்படியே மருந்திற் சேர்க்க இடங்கொடுப்பதில்லை. சேராங்கொட்டையைச் செங்கற்பொடியோடு தேய்த்து அதன் எண்ணெயை ஈர்த்துவிடுதலும், எட்டிவிதையைப் பசும்பாலில் அவித்துத் தோலும் முளையும் நீக்குதலும், நாவியைக் கோமியத்தில் பன்னாள் ஊறவைத்தலும் நூல்கள் விதித்த முறைகள். அதன்பின் அளவு, அதன்பின் அனுபானம், அதன்பின் பத்தியம். இவற்றுள் ஒன்று தவறினும் மருந்து நஞ்சாகும். முறையறிந்து கொடுத்தால் கொடிய நஞ்சும் சிறந்த மருந்தாகும். முறையின்றிக் கொடுத்தால் நல்ல மருந்தும் நஞ்சாகும் என்று சரக சங்கிதை அறுதியிட்டுரைக்கின்றது. பல நூற்றாண்டுகட்குப் பின்னர், 1538-ஆம் ஆண்டில், பாராசெல்சஸ் என்னும் ஐரோப்பிய மருத்துவரும் அளவொன்றே நஞ்சையும் மருந்தையும் வேறுபடுத்துகின்றது என்று எழுதினார்.

பாவமிச்ரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் நூல் எருக்கு, கள்ளி, கலப்பைக்கிழங்கு, அலரி, குன்றிமணி, அபின், ஊமத்தை ஆகிய ஏழையும் உபவிடங்கள், அதாவது சிறுநஞ்சுகள், என்று வகுத்துள்ளது. இவ்வேழுள் நான்கு சிவனுக்கும் முருகனுக்கும் உரிய மலர்களாக மேலே கண்டவை.

எல்லா நஞ்சும் என்றும் மருந்தாகவே நிலைக்கும் என்று கொள்ளுதலும் பிழை. எட்டிவிதையின் சத்தாகிய ஸ்டிரிக்னினை 1818-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்த பின்னர், ஐரோப்பிய மருத்துவர் அதனை உடல்வலிமைக்குரிய மருந்தென்று நெடுங்காலம் வழங்கினர். மருந்தின் அளவும் மாய்க்கும் அளவும் மிக நெருங்கியிருந்தமையாலும், கூறப்பட்ட பயன் மெய்ப்படாமையாலும் 20-ஆம் நூற்றாண்டில் அதனைக் கைவிட்டனர். கைவிடத் தெரிதலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

இன்றைய கடமை

இவ்வரலாறு பழம்பெருமை பேசி மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. முறையறிந்தோர் குறைந்து, மூலிகையின் பெயரறிந்தோர் மிகுந்துள்ள காலம் இது. ஒருவர் சொன்னார், ஒருவர் அனுப்பினார் என்று கேட்டு, எருக்கம்பாலையும் ஊமத்தை விதையையும் அரளியையும் வீட்டிலேயே மருந்தாக்கி உண்டு உயிரிழப்பவர் இன்றும் உளர். கோயிற்பூ தீங்கு செய்யாது என்று நம்பி வாயிலிடுவோரும் உண்டு. பூசைக்குரியது என்பதால் ஒரு பொருள் உண்ணற்குரியது ஆகிவிடாது. பெருமானே நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தினான் எனில், அடியவன் அதனை வயிற்றுக்குள் செலுத்தத் துணிவது எங்ஙனம் தகும்? இந்திய அரசின் மருந்து விதிகளும் அலரி, எட்டி, சேராங்கொட்டை, கலப்பைக்கிழங்கு, நேர்வாளம் முதலியவற்றை நச்சுப்பொருள் பட்டியலிற் சேர்த்து, அவை கலந்த உள்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையிலேயே உண்ணவேண்டும் என்று உறையில் அச்சிடப் பணிக்கின்றன. நச்சுச் செடியை உண்டவரை, தோன்றும் குறி சிறிதாயினும், காலந்தாழ்த்தாது அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். உண்ட செடியின் கிளையொன்றையும் உடன்கொண்டு செல்வது மருத்துவர்க்குப் பெருந்துணையாகும்.

மற்றொரு கடமை திருப்பணிச் செல்வர்களைச் சார்ந்தது. குடமுழுக்கு நெருங்குங்கால் கோபுரம் புதுவண்ணம் பெறுகின்றது. பிராகாரம் கருங்கல் தளம் பெறுகின்றது. அவ்வேளையில் மதிலோரத்து எருக்கும், ஈசான மூலையின் வெள்ளலரியும், எவரும் நடாமலே முளைத்த ஊமத்தையும் களையென்று கருதப்பட்டு அகற்றப்படுகின்றன. தலமரத்தின் அடியைச் சுற்றி இடைவெளியின்றிச் சிமெண்டு பூசுவதால், நூற்றாண்டுகளாக நின்ற மரம் நீர் பெறாமல் வாடுகின்றது. கோபுரம் பழுதுற்றால் மீண்டும் எடுப்பிக்கலாம். தலத்தின் பெயருக்கே காரணமான மரம் பட்டுப்போனால் அதே மரம் மீளாது. நந்தவனத்திற்கு நிலமும் பூத்தொடுப்போர்க்கு நெல்லும் நிவந்தமாக விட்ட செய்திகள் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிற் பரவலாக உண்டு. அவ்வறத்தின் தொடர்ச்சியாக, தலமரத்தின் வேருக்கு மண்ணும் நீரும் விட்டுத் தளமிடுதல், நந்தவனத்தின் ஒரு மூலையில் இம்மலர்ச் செடிகளுக்கு வேலியோடு கூடிய இடம் ஒதுக்குதல், ஒவ்வொன்றின் பெயரையும் அதன் நஞ்சையும் மருந்தையும் தமிழில் எழுதிய பலகை நாட்டுதல் ஆகிய மூன்றும் சிறு செலவில் முடியும் திருப்பணிகள். பலகை படிக்கும் சிறுவன் செடியின் பெருமையையும் அறிவான். அதனை வாயிலிடலாகாது என்பதையும் அறிவான்.

முன்னோர் இந்நச்சுச் செடிகளை ஊருக்கு வெளியே துரத்தவும் இல்லை. அடுக்களைக்குள் அனுமதிக்கவும் இல்லை. அனைவரும் காணும் இடத்தில், வணங்கும் தூரத்தில், இறைவன் திருமுடியில் வைத்தனர். எருக்கைக் கண்டவர் அதன் பாலுக்கு அஞ்சினர். அஞ்சியவர் அதன் குணத்தைக் கற்றனர். கற்றவர் அளவறிந்து கையாண்டு பிறர் நோய் தீர்த்தனர். அச்சமும் கல்வியும் அளவும் கூடிய இவ்வொழுக்கத்தைக் குடமுழுக்குக் காணும் ஒவ்வொரு திருக்கோயிலும் தன் நந்தவனத்திலிருந்து மீண்டும் தொடங்குமாக. நஞ்சினைக் கண்டத்தில் அடக்கி அமுதத்தை அடியார்க்கு அளித்த நீலகண்டப் பெருமானின் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.